மாத்திரை அரை

அந்த நாய் பிழைத்துக்கொண்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் நடுவில் பதற வேண்டாம். நான் பதறியதே போதும்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கும் எழுத்து தெரியும். கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்க லைன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டாம் வகுப்பு முடியப் போனேன். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம், நான் தொட்டில் ஆட்டப் போய்விட்டேன். இன்றைக்கும் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்து மட்டும் நன்றாகப் போடுவேன். வளைவெல்லாம் சரியாக வரும், கடைசியில் ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைப்பேன். அதைப் பார்க்கிறவர்கள் நான் நிறையப் படித்தவள் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அதனால் வந்த வினைதான் இது.

என் வீட்டுக்காரர் சுரங்கத்துத் தூசி நெஞ்சில் அடைத்து, சின்ன வயதிலேயே போய்விட்டார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தேன். ஜோகுபாளையத்தில் ஒரு மாடி அறையை எடுத்தேன். அரைத்துப் பிழைத்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு இட்லி மாவு, மீன் குழம்பு மசாலா, குருமாவுக்குத் தேங்காய் கசகசா எல்லாம் என் கல்லில் அரைத்துத்தான் போகும். பிறகு கிரைண்டர் வந்தது. கிரைண்டர் வந்த பிறகும் மசாலாவைக் கல்லில்தான் அரைப்பேன். ‘உங்க கைப்பதம் யாருக்கும் வராது’ என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுப் பழகியவள் நான்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காக்ஸ் டவுன் டீச்சரம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மகள் கணக்கில் தோற்று, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்தபோது வீடு தேடி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர். இன்றைக்கு மகள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். ரிட்டயர் ஆனதும் அவர் ஒரு வெள்ளைப் பாமரேனியன் குட்டியை வாங்கி வளர்த்தார். அப்போது பெங்களூரில் நாய் வளர்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஜாதிதான். நரி மூஞ்சி, முதுகின் மேல் விழுந்து கிடக்கிற வால், காக்கா பறந்தாலும் குரைப்பு. டீச்சரம்மா அதற்கு வைத்த இங்கிலீஷ் பெயர் என் நாக்கில் நிற்காது. குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அதற்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றது. ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்துவர வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ இருக்கும். டீச்சரம்மாவின் தங்கை மகளுக்கு மஸ்கட்டில் பிரசவம். இரண்டு மாதம் போக வேண்டும். நாயை யாரிடம் விடுவது என்று அலைந்து, கடைசியில் என்னிடம் வந்தார்.

“உங்ககிட்டன்னா எனக்கு நிம்மதிம்மா. மத்தவங்க பாசமா பாப்பாங்க, ஆனா மறந்துடுவாங்க. நீங்க மறக்க மாட்டீங்க.”

கிளம்புகிற அன்றைக்கு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறி வந்தார். ஒரு கையில் நாய், ஒரு கையில் பை. பையில் சீப்பு, சோப்பு, நகவெட்டி, பஞ்சு, ஒரு மாத்திரைப் புட்டி, மடித்த ஒரு தாள்.

“மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்கு. முடிஞ்சதும் டாக்டர் வீட்டுல போய் வாங்கிக்கோங்க, சொல்லி வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். படிச்சுக்கோங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது. “நீங்க போய்ட்டு வாங்க டீச்சரம்மா” என்றேன். அவர் நாயின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். அழுகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள்.

“இன்னாம்மா அது, லெட்டரா? குடு, படிச்சுக் காட்டறேன்.”

“போடி. உன் ரிப்போர்ட் கார்டுல பத்து வருஷம் கையெழுத்துப் போட்டவ நானு. ஒரு நாய்க்கு எழுதின சீட்டு எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“கையெழுத்துப் போட்ட சரி. படிச்சுப் பாத்தா போட்ட?”

அவளுக்கு வாய் அதிகம். நான் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

டீச்சரம்மா கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார். பெரிய பெரிய எழுத்து. ஒரு வரிக்கு இரண்டு மூன்று வார்த்தை. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கூட்டினேன். கண், துடை. முடி, சீவு. காது, பார். நகம், வெட்டு. சோறு, உப்பும் வெங்காயமும் வேண்டாம். கோழி எலும்பு, கூடாது. கீழே கடைசியில்: மாத்திரை, அரை. காலை, மாலை.

இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. துடைக்கச் சொன்னார், சீவச் சொன்னார், வெட்டச் சொன்னார், அரைக்கச் சொன்னார். அதிலும் அரைக்கிறதற்கென்று என்னைத் தேடி வந்து கொடுத்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து அரைத்த சின்னக் கல்வம் ஒன்று பரண் மேல் இருந்தது. அதை இறக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து என் வேலை தொடங்கியது. ஒரு மாத்திரையைக் கல்வத்தில் போட்டு மை போல அரைப்பேன். விரலில் தொட்டால் மணல் தட்டக் கூடாது. கொஞ்சம் தயிரில் குழைத்து ஊட்டுவேன். கல்வத்தில் ஒட்டினதையும் தயிர் விட்டு வழித்துக் கொடுத்துவிடுவேன். துளி வீணாகாது. சாயங்காலமும் அப்படியே. மகள் பார்த்துவிட்டு, “மாத்திரையக் கூட அரைச்சுத்தான் குடுக்கணுமா?” என்று கேட்டாள். “அப்பிடித்தான் எழுதிக்கீது” என்றேன். நாய் முழு மாத்திரையைத் துப்பிவிடும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடுதான் எனக்குச் சங்கடம். உப்பு இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மசாலா இல்லை. இது சமையலா, பத்தியமா? சனிக்கிழமை சிவாஜிநகருக்குப் பஸ் ஏறிப் போய்க் கொத்துக்கறி வாங்கி வருவேன். கடைக்காரர் கொழுப்பைச் சேர்த்துக் கொத்தினால் விட மாட்டேன்.

“யாருக்கு அம்மா, மாப்பிள்ளைக்கா இவ்வளவு பார்க்கறீங்க?” என்பார்.

“மாப்பிள்ளைன்னா கொழுப்போடவே போடுன்னு சொல்லியிருப்பேன். இது டீச்சரம்மா நாய்க்கு” என்பேன்.

கறியைக் குழைய வேகவைத்து, காரட் துருவிப் போட்டு, சோறும் கொஞ்சம் கேழ்வரகுக் களியும் பிசைந்து, ஆறவைத்து வைப்பேன். களி தாளில் இல்லை. அது என் யோசனை. வெயில் ஏறினால் தயிர் சோறு.

குட்டி சோறு தின்ற பிறகு அதன் கண்ணைத் துடைப்பேன். வெள்ளை நாய்க்குக் கண்ணோரம் தண்ணீர் வழிந்து மூக்கு வரைக்கும் பழுப்புக் கோடு விழும். ஈரப் பஞ்சால் தினம் ஒற்றி எடுத்தால் அது வராது. முடி சீவுவதுதான் பெரிய வேலை. மேலே சீவினால் பளபள என்று இருக்கும், உள்ளே மெத்தை மாதிரி இன்னொரு முடி இருக்கிறது, அது சிக்குப் பிடித்துக் கட்டி தட்டிவிடும். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் விரல் விட்டுப் பிரித்துப் பிரித்துச் சீவ வேண்டும். அப்போதே உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவேன். காதில் பஞ்சு அடைக்க வேண்டும், துடைத்த பிறகு உள்முடி காயும் வரை வெயிலை விட்டு எழ விடக் கூடாது. ஈரம் தங்கினால் நாற்றமும் அரிப்பும் வரும். நகத்தில் வெள்ளைப் பாகம் வரைக்கும்தான் வெட்டலாம், உள்ளே சிவப்பாகத் தெரிகிற இடம் உயிர். இதெல்லாம் ஒரு வாரத்தில் என் கைக்கு வந்துவிட்டது.

குட்டி நன்றாகச் சாப்பிட்டது. முதல் வாரம் ஒரு தட்டு, அடுத்த வாரம் தட்டை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். குரைப்பு குறைந்துவிட்டது. வாசலில் காய்கறி வண்டி வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கும். நான் என்ன நினைப்பேன்? டீச்சரம்மா வீட்டில் வாய்க்கு ருசியாக எதுவும் கிடைக்கவில்லை, இங்கே கிடைக்கிறது, மனம் நிறைந்து தூங்குகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்கு டீச்சரம்மாவின் போன் வந்தது. அப்போது அந்தக் கட்டடத்தில் போன் இருந்தது அவர்கள் வீட்டில்தான்.

“எப்படி இருக்கா?” என்றார். கடல் கடந்து வருகிற குரல், நான் பேசி முடித்த பிறகுதான் அவருக்குக் கேட்கும் போல.

“ராணி மாதிரி இருக்குது. நல்லா துன்னுது, நல்லா தூங்குது.”

“குரைச்சு உயிரை எடுக்கலையே?”

“குரைக்கறதே இல்ல டீச்சரம்மா. என்கிட்ட வந்து அடங்கிப்போச்சு.”

பெருமையாகத்தான் சொன்னேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் அது நோவுபட்டதற்கு அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பயம் பிடித்தது. குட்டி எழுந்து என்னிடம் வந்தது. பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. கள் குடித்தவன் நடை. சமையலறைக்கு ஒரு சின்னப் படி, அதில் ஏற முடியாமல் முகம் இடித்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே தூங்கிவிட்டது. நான் தூக்கினேன். கையில் துணி மாதிரி தொங்கியது.

டீச்சரம்மாவுக்கு இந்த உலகத்தில் பேசத் துணை என்று இருப்பது இது ஒன்றுதான். மறக்க மாட்டேன் என்று நம்பி என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது நான் எதைக் காட்டுவேன்?

ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் காக்ஸ் டவுன் போனேன். டாக்டர் தன் வீட்டு முன்னறையிலேயே நாய்களைப் பார்ப்பார். வயதானவர், கன்னடக்காரர், ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் நல்ல தமிழில் பேசுவார். கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காலை மடக்கி மடக்கி நீட்டினார்.

“வலிப்பு வந்துச்சா?”

“ஒரு நாளும் வரல சார்.”

“மாத்திரை விடாம குடுக்கறீங்களா?”

“ஒரு வேளை தப்பினதில்ல சார்.”

“அரைதானே?”

“ஆமா சார், அரைதான். காலையில அரை, சாயங்காலம் அரை. டீச்சரம்மா எழுதின மாதிரியே.”

அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இரண்டு பேருக்கும் திருப்தி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“அளவு சரிதான். அப்போ வேற ஏதோ. இந்த மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டா சில நாய்க்கு ஈரல் கெடும். மூளையில ஏதாச்சும் இருந்தாலும் நடை இப்படித் தடுமாறும். ரெண்டு மூணு நாள் பாக்கலாம். சரியாகலைன்னா ரத்தம் எடுத்துப் பாக்கணும்.”

“சார், பொழைக்குமா?”

“பாக்கலாம்மா.”

டாக்டர்கள் பாக்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று என் வீட்டுக்காரர் படுத்திருந்தபோதே தெரிந்துகொண்டவள் நான்.

அந்த இரண்டு மூன்று நாளும் நான் மாவு அரைக்கவில்லை. மசாலா கேட்டு வந்தவர்களை அனுப்பிவிட்டேன். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதில் தப்பு செய்தேன்? களி கொடுத்தேனே, அதுவா? கறியில் கொழுப்பு கலந்துவிட்டதா? குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போய்விட்டதா? ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. மாத்திரையை மட்டும் இன்னும் மையாக அரைத்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று.

மகள் சொன்னாள், “டீச்சருக்குச் சொல்லிடலாம்மா.”

“சொல்லி? அவங்க அங்க இருந்து இன்னா பண்ணுவாங்க? அழுவாங்க. பிரசவ வீட்டுல உக்காந்து அழணுமா?”

அது பாதி உண்மைதான். மீதியை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் புட்டியைக் கவிழ்த்தேன். கடைசி மாத்திரை விழுந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. மாசத்துக்கு இருக்கும் என்றாரே, பதினைந்து நாள்தானே ஆகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். டீச்சரம்மா அவசரத்தில் தப்பாக எண்ணிப் போட்டிருப்பார் என்று நானே முடிவு செய்தேன். பார்த்தீர்களா, அப்போதும் தப்பை அவர் மேல்தான் போட்டேன். கடைசி மாத்திரையையும் அரைத்து ஊட்டிவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் உள்ளே இன்னொரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் மருந்து எடுத்துக் கொடுக்கிற கன்னடக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குக் கன்னடம் வரும். காலிப் புட்டியை நீட்டினேன்.

“ஒந்து திங்களிகெ கொட்டித்வி, ஆகலே முகீத்தா?” ஒரு மாதத்துக்குக் கொடுத்தோமே, அதற்குள் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

தீர்ந்துவிட்டது என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஹொத்திகெ அர்த தானே கொட்தீரோது?”

கன்னடத்தில் அர்த என்றால் பாதி. வேளைக்குப் பாதிதானே கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். நான் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

“அர்த யாக்கம்மா? பூர்த்தி கொட்தீனி.” பாதி எதற்கு, முழுசாகத்தான் கொடுக்கிறேன்.

சொல்லி வாயை மூடவில்லை. அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “சார்! சார்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். டாக்டர் கையில் யாருடைய நாயின் காதையோ துடைத்த பஞ்சோடு வெளியே வந்தார்.

“போன தடவை கேட்டேனே, அரைன்னு சொன்னீங்களே?”

“ஆமா சார். அரைச்சுதான் குடுத்தேன். கல்வத்துல போட்டு மையா அரைச்சு, தயிர்ல குழைச்சு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை என் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது. அரை. அரைக்கிற அரை. பாதி அரை. அரைக் கிலோ, அரை மணி, அரைத் தேங்காய். ஒரு நாளைக்கு ஐம்பது தரம் நானே சொல்கிற வார்த்தை.

டாக்டர் என்னையே பார்த்தார். அவர் உதடு கோணியது. சிரிப்பை அடக்கினார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சிரிக்காதீங்க சார்! ஈரல் கெட்டுப்போச்சுன்னீங்க, மூளைன்னீங்க. நான் மூணு நாளா சோறு துன்னல.”

“ஈரல் எங்கயும் போகலம்மா. மூளையும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மடங்கு மருந்து, அது மயக்கத்துல இருக்கு. போதையில இருக்கறவன் நேரா நடப்பானா? பசியும் தாகமும் அதனாலதான். குறைச்சா எல்லாம் சரியாயிடும்.”

“நெசமாவா?”

“நெசமா.”

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி என் மடியில் குறட்டை விட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பிழைத்துக்கொள்ளும். என் கையால் கெட்டதுதான், ஆனால் பிழைத்துக்கொள்ளும். அந்த மூன்று நாளில் முதல் தரமாகப் பசித்தது. கன்னடக்கார அம்மாள் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கையில் வைத்தார். “ஹோக்லி பிடம்மா, ஆய்த்தல்லா” என்றார். போகட்டும் விடு, ஆகிவிட்டது என்று.

டாக்டர் சிரிப்பு அடங்கியதும் கண்டிப்பாகச் சொன்னார். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். நாலு நாள் காலையில் பாதி, சாயங்காலம் முழுசு. அதற்குப் பிறகு இரண்டு வேளையும் பாதி. சந்தேகம் வந்தால் வாருங்கள், நீங்களாக எதையும் செய்யாதீர்கள். ஒரு சீட்டை எடுத்து எழுதப் போனவர், பேனாவை நிறுத்தி, ஒரு வட்டம் போட்டு அதில் பாதியை மையால் அடைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. “படம் வேணாம் சார், எனக்குப் படிக்கத் தெரியும்” என்றேன்.

“உங்களுக்காக இல்லம்மா. இனிமே எல்லாருக்கும் இப்படித்தான் போடப் போறேன்” என்றார். நல்ல மனுஷன். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் டீச்சரம்மாவின் தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, “நான் பாத்துக்கினேதானம்மா இருந்தேன்? நீ அரைக்கறதப் பாத்துக்கினேதான இருந்தேன்?” என்றாள். அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாயாக அப்படி நினைக்கக் கூடாதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழ் வீட்டில் போன் அடித்ததும் எழுந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம். குட்டிக்கு அதற்குள் நடை திரும்பத் தொடங்கியிருந்தது. அவர் வரும்போது தெரியவே தெரியாது. மாடிப்படி இறங்கும்போது சொல்ல வேண்டாம் என்றுதான் இறங்கினேன்.

“எப்படி இருக்கா?”

“டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன். குறுக்க பேசாம கேளுங்க. இப்ப நல்லாக்கீது. அத முதல்ல கேட்டுக்கோங்க.” ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன். கீழ் வீட்டுக்காரம்மா அரிசி பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று விட்டேன்.

அவர் முதலில் கேட்டது இதுதான்.

“நடக்கறாளா?”

“நடக்குது. நேத்து வாசல்ல ஒரு பூனையப் பாத்துக் குரைச்சுது.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே சொன்னார். “துடை, சீவு, வெட்டுன்னு எல்லாத்துக்கும் வேலையைச் சொல்லிட்டு, அங்க மட்டும் அளவை எழுதியிருக்கேன். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தா நானே சிவப்பு மையால சுழிச்சிருப்பேன். தப்பு என்னோடதும்மா.”

அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனை வைத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

“இல்ல டீச்சரம்மா. எனக்குப் படிக்க அவ்வளவா வராது. ரெண்டாங் கிளாசுதான். கூட்டிக் கூட்டித்தான் படிச்சேன். பொண்ணு படிச்சுக் காட்டறேன்னா, நான்தான் குடுக்கல.”

“அப்போ ரிப்போர்ட் கார்டுல அந்தக் கையெழுத்து?”

“அது மட்டும் வரும்.”

மஸ்கட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. கீழ் வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் இதைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்து இருந்தேன். சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் குட்டி பழையபடி ஆனது. முதலில் தூக்கம் குறைந்தது, பிறகு தட்டில் சோறு மீந்தது, பிறகு குரைப்பு வந்தது. ஒரு மத்தியானம் முழுக்க ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் திட்டியது. பக்கத்து வீட்டார் முகம் சுளித்தார்கள். நான் அதை அதட்டவே இல்லை.

டீச்சரம்மா சொன்ன நாளுக்கு வந்தார். மஸ்கட்டிலிருந்து எனக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம். குட்டி அவர் மேல் ஏறி, முகத்தை நக்கி, கத்தி, வட்டம் போட்டு ஓடி, தெருவையே கூட்டிவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு சிக்கு இல்லை.

“என்னை விட நல்லா சீவியிருக்கீங்க” என்றார்.

“அது வரும்” என்றேன்.

ஆட்டோ வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குட்டியைத் தூக்கி உள்ளே விடலாம் என்று குனிந்தேன். அதற்குள் அதுவே தாவி ஏறி, சீட்டில் நின்றுகொண்டு டிரைவரைப் பார்த்துக் குரைத்தது. டிரைவர் திட்டினார். டீச்சரம்மா அவருக்குச் சமாதானம் சொன்னார். வண்டி திரும்பும் வரைக்கும் அந்தக் குரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மேலே வந்து, கதவைத் திறந்தே போட்டுவிட்டு, பட்டப்பகலில் பாய் விரித்துப் படுத்து, சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்.